கிட்வாய் நகரில் எழுதிய முன்மொழிவு

2022 பிப்ரவரி மாத இரவொன்றில், தில்லி கிழக்குக் கிட்வாய் நகரின் அரசு அலுவலர் குடியிருப்பில், ஒரு சாப்பாட்டு மேசையின்மேல் அச்சிட்ட தாள்கள் சில கிடந்தன. மத்திய சமூக நீதி, அதிகாரமளித்தல் அமைச்சகம் வெளியிட்டிருந்த தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கான புதிய வழிகாட்டு நெறிகள் அவை. மேசையின் ஒருபுறம் முதுகலை முடித்த ஆம்பூர்ப் பெண் ஒருத்தி. மறுபுறம் அவளுடைய தாய்மாமன். அவர் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலர். அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஓய்வுபெற இருந்தவர்.

அவள் முதற்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இருந்தது. வயது 35-க்குள், இருந்தது. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு. அதற்கு மேலேயே இருந்தது. பட்டியல் சாதி, சீர்மரபினர், நிலமற்ற வேளாண் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோர்க்கென நாடு முழுவதற்கும் 125 இடங்கள். அவற்றில் 30 விழுக்காடு பெண்களுக்கு. படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றாமலே, "விலக்குகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார், அம்மா. தகுதியை எல்லோரும் படிப்பார்கள்" என்றார்.

விலக்கு ஒரே வரியில் இருந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூகவியல் ஆய்வுகள் ஆகிய பொருள்களில் அமையும் படிப்புகளுக்கு அவ்வாண்டு முதல் இந்த உதவித்தொகை கிடையாது. அத்தகைய பொருள்களுக்கான நூலகங்களும் அறிஞர்களும் இந்தியாவிலேயே நிறைந்திருக்கிறார்கள். அயல்நாடு அனுப்பும் செலவை வேறு துறைகளுக்குப் பயன்படுத்துவதே பொருத்தம் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அவளுடைய ஆய்வுப் பொருளோ ஆம்பூர்த் தோல் தொழிலில் சாதியும் உழைப்பும் என்பது. இரண்டாண்டுகளாக மனத்தில் வளர்த்துவந்த திட்டம் ஒரு வரியில் நின்றுபோயிற்று.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் இருந்த ரஃபி அகமது கித்வாயின் பெயரைத் தாங்கிய இந்தக் குடியிருப்பு, பல பத்தாண்டுகள் தாழ்ந்த கூரைகளும் மரங்களும் கொண்ட அரசு ஊழியர் காலனியாக இருந்தது. மத்திய அரசுத் தேர்வெழுதித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும், அண்மையிலுள்ள லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர்ப் பகுதிகளிலும் வாழ்ந்தன. பிள்ளைகளுக்கு லட்சுமிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளி. கறிவேப்பிலைக்கும் வாழைக்காய்க்கும் ஐ.என்.ஏ. சந்தை. பின்னர்ப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, சுமார் 86 ஏக்கரில் 4,600-க்கும் மேற்பட்ட வீடுகளோடு அடுக்குமாடிகள் எழுந்தன. ஒதுக்கீட்டில் கிடைத்த புதிய வீட்டுக்கு மாமா குடிவந்தபோது அவருடைய பணிக்காலத்தில் எஞ்சியிருந்தவை சில ஆண்டுகளே. ஓய்வுக்குப் பின் சில மாதங்களில் வீட்டை ஒப்படைத்தாக வேண்டும். தில்லியில் வாடகையில்லாமல் அவள் தங்கிப் படிக்கக்கூடிய காலமும் அதுவரைதான். ஆகவே அந்த ஒரு வரி அவளுக்கு நேரக் கணக்காகவும் இருந்தது.

மறுநாள் மாமா ஒரு வழி சொன்னார். தலைப்பை மாற்றிவிடலாம். பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைக் கழிவு உலகறிந்த செய்தி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளுள் ஒன்று. குரோமியம், நிலத்தடி நீர், கழிவு மேலாண்மை என்று எழுதினால் அது சுற்றுச்சூழல் ஆய்வு, விலக்கில் வராது. "விதியை எதிர்த்து எழுதாதே, விதிக்குள் எழுது" என்பது அவர் முப்பத்தைந்து ஆண்டுகளில் கற்ற பாடம்.

அவள் அப்படியே எழுதிப் பார்த்தாள். இரண்டு நாளில் நான்கு பக்கம் ஆயிற்று. ஆறு இருந்தது, மண் இருந்தது, கிணறு இருந்தது, தீர்ப்பு இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் பச்சைத் தோலைப் புரட்டுபவர் யார், அந்த வேலை எவ்வாறு ஒரு தெருவினருக்கே உரியதாயிற்று, ஆவாரம்பட்டைப் பதனிடல் போய்க் குரோம் பதனிடல் வந்தபோது யார் டிரம் அறைக்கு உயர்ந்தார், யார் ஈரவேலையிலேயே நின்றார் என்னும் கேள்விகள் இல்லை. அவளுடைய தந்தை இருபத்தாறு ஆண்டுகள் ஈரவேலையில் நின்றவர். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு அவள், "இதில் அப்பா இல்லை மாமா" என்றாள். மாமா பதில் சொல்லவில்லை. அந்தத் தாள்களை அவர் கிழிக்கவும் இல்லை. ஒரு கோப்பில் இட்டு மேலே 'மாற்று வரைவு' என்று எழுதி வைத்தார்.

இந்த இடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றை நினைவிற்கொள்வது நன்று. 1913இல் பரோடா சமஸ்தானம் பி. ஆர். அம்பேத்கருக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கியது. படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணிபுரிவதாக அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் சேர்ந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916 மே மாதம், மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரையின் பொருள் இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும். இந்தியச் சமூகத்தைப் பற்றிய அக்கேள்வியை அவர் இந்தியாவுக்கு வெளியே, வேறு அறிஞர்களின் நடுவில் வைத்து எழுப்பினார். பின்னாளில், 1942இல், வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதிக் கொடுத்தபோது அவர்களுடைய அயல்நாட்டுக் கல்விக்கும் அரசு நிதி கோரினார். தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் தொடங்கிற்று. இன்றைய விதியை 1913இல் வைத்துப் பார்த்தால், நியூயார்க்கில் படிக்கப்பட்ட அக்கட்டுரைக்கு அவ்விதியில் இடம் ஏது என்ற கேள்வி எழாமல் இராது.

ஆனால், விதி இருக்கும்போது விண்ணப்பிப்பவர் செய்யக்கூடியது என்ன? அவ்வீட்டில் தொடங்கிய அடுத்த கட்டம், வேறு உதவித்தொகைகளைத் தேடுவது. கணினியில் ஓர் அட்டவணை திறக்கப்பட்டது. அதன் நிரல்களை வகுத்தவர் மாமா: பெயர், கடைசி நாள், விலக்கு, வேண்டிய சான்றுகள், கையொப்பமிட வேண்டியவர், யாரிடம் கேட்டறிந்தோம். இறுதி நிரலின் பயன் அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

அட்டவணை நிரம்ப நிரம்ப ஒவ்வொரு உதவித்தொகைக்கும் ஓர் உள்நோக்கம் உண்டு என்பது தெளிவாயிற்று. 1983இல் பிரிட்டன் தொடங்கிய செவெனிங், எதிர்காலத் தலைவர்களைத் தேடுகிறது. ஓராண்டு முதுகலைக்கே முதன்மை. இரண்டாண்டுப் பணி அனுபவத்துக்கு ஈடாக 2,800 மணி நேரக் கணக்குக் காட்ட வேண்டும். படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் தாயகம் திரும்பியிருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகை, படிப்பின் பயன் தாய்நாட்டின் வளர்ச்சிக்கு எப்படிச் சேரும் என்று கேட்கிறது. ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவி, இந்தியாவில் ஏற்கெனவே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்க்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயிலும் கூட்டு முதுகலைக்கானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்ட அனுமதியோடே கட்டண விலக்கும் மாத உதவியும் வரும். அங்கே தனி உதவித்தொகை தேடுவதைவிட அனுமதி பெறுவதே முதன்மை. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகளில் முனைவர் ஆய்வாளர் இடம் பெரும்பாலும் ஊதியம் தரும் பணியிடமாக விளம்பரமாகிறது. அதை வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேட வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் முதலியோர்க்கு அயல்நாட்டு உயர்கல்வி உதவி வழங்குகிறது. அதன் விதிகளும் ஆண்டுதோறும் படிக்கத்தக்கவை.

எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதைவிட எதற்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பதை முடிவுசெய்ய அதிக நாள் ஆயிற்று. முப்பத்தொரு பெயர்களில் பத்தொன்பது அடிக்கப்பட்டன. மாணவர்கள் பலர் இங்கேதான் களைத்துப்போகிறார்கள். தமக்கு உரியதல்லாத உதவித்தொகைக்கு மாதங்களைச் செலவிட்டு, மறுப்பு வந்ததும் தம் திறமையையே ஐயுறுகிறார்கள்.

அடுத்து வந்தது நோக்க அறிக்கை. அவள் முதலில் எழுதியது பாட்டியின் குடிசையில் தொடங்கி, தந்தையின் புண்பட்ட கைகளைச் சொல்லி, கல்வியே ஒளி என்று முடிந்தது. மாமா அதைப் படித்து நெடுநேரம் சும்மா இருந்தார். பிறகு, "இது உண்மை. ஆனால் இதைப் படிக்கும் அதிகாரி என்ன ஆணையிட வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அரசு அலுவலகத்தில் கோப்பில் குறிப்பு எழுதும் முறை ஒன்று உண்டு. பொருள் என்ன, பின்னணி என்ன, இதுவரை என்ன செய்யப்பட்டது, விதியும் முன்னுதாரணமும் என்ன சொல்கின்றன, இப்போது எது தீர்மானிக்கப்பட வேண்டும், பரிந்துரை என்ன, செலவு எங்கிருந்து. மேலதிகாரிக்கு நேரமில்லை என்பதே அம்முறையின் அடிப்படை. கோப்பைத் திறப்பவர் இரண்டாம் பத்திக்குள் விஷயத்தை அறிந்தாக வேண்டும். மாமா அந்த ஏழு தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி அவள்முன் வைத்தார். அவள் அவற்றை ஆய்வுமொழியில் மாற்றிக்கொண்டாள்: கேள்வி, வரலாறு, முந்தைய ஆய்வுகள், அவற்றில் விடுபட்டது, தான் செய்யப்போவது, முறை, காலமும் வளமும். ஆய்வு முன்மொழிவு பற்றி அவள் கேட்ட பயிலரங்குகளில் எதுவும் இத்தனை எளிதாக அதை விளக்கியதில்லை. எழுத்தராகச் சேர்ந்து பிரிவு அலுவலராக உயர்ந்த ஒருவர், தாம் எந்த ஆய்வேடும் எழுதாமலே அதன் எலும்புக்கூட்டை அறிந்திருந்தார்.

தந்தையின் கைகள் அறிக்கையில் இருந்து போகவில்லை, இடம் மாறின. முதற்பத்தியில் இரக்கத்துக்கு நின்றவை, நான்காம் பத்தியில் சான்றாயின. ஈரவேலை செய்பவர்களிடம் பேசுவதற்கும், அவர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்களை அறிவதற்கும் இந்த ஆய்வாளருக்கு உள்ள வாய்ப்பு என்ன என்பதை அவை காட்டின.

பரிந்துரைக் கடிதம் என்பது தனிப் பாடம். மூன்று பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் கடைசி நாள் வரை கடிதத்தைப் பதிவேற்றவில்லை. அவரை நினைவுபடுத்த அவளுக்கு மனம் துணியவில்லை. பெரியவரைத் தொந்தரவு செய்வது முறையன்று என்று எண்ணினாள். அந்த விண்ணப்பம் அதனாலேயே வீணாயிற்று. கேட்டறிந்த மாமா கோபிக்கவில்லை. அலுவலகத்தில் நினைவூட்டல் அனுப்புவது அவமதிப்பு ஆகாது. அது கோப்பின் ஒரு பகுதி. முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று எண் போட்டே அனுப்புவார்கள் என்றார். முதல் தலைமுறையாகக் கல்லூரி வந்த பிள்ளைகள் பெரிதும் இழப்பது இங்கேதான். மதிப்பெண்ணில் அவர்கள் பின்தங்குவதில்லை. கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்று நம்புவதில் பின்தங்குகிறார்கள். கேட்டுப் பழகிய வீட்டுப் பிள்ளை, மாதிரி முன்மொழிவு ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்கிறது. விண்ணப்பக் கட்டண விலக்கைக் கேட்கிறது. மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதுகிறது. மற்றது, அறிவிப்பில் இருப்பதே முழுமை என்று நம்பிக் காத்திருக்கிறது.

இராமானுஜன் கதையையும் இவ்வெளிச்சத்தில் படிக்கலாம். கணிதத்தைத் தவிர மற்றவற்றைப் புறக்கணித்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் அவர். ஹார்டியின் கடிதம் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். உண்மையில், ஹார்டியின் சார்பில் சென்னைக்கு வந்த ஈ. எச். நெவில் 1914 ஜனவரியில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்; மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் ஆதரித்து எழுதினார்; அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கிற்று. அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கென ஊரிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி 60 பவுண்டு சேர்த்தது. 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். அவருடைய மேதைமையை எவரும் கடனாகத் தரவில்லை. ஆனால் யாருக்கு, எப்போது, எப்படி எழுத வேண்டும் என்று அறிந்த சிலர் நடுவில் இருந்தார்கள். அவர்களைப் போன்ற சிலர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை.

அவ்வாண்டு அவள் ஒன்பது விண்ணப்பங்கள் அனுப்பினாள். ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டில் பல்கலைக்கழக அனுமதி வந்தது, பணம் வரவில்லை. உறவினர் சிலர் கல்விக்கடன் வாங்கலாம் என்றார்கள். அடமானம் வைக்க அவள் தந்தைக்கு இருந்தது ஓட்டுவீடு ஒன்று. அவள் அந்த அனுமதிக் கடிதங்களுக்கு நன்றியுடன் மறுப்பு எழுதினாள். ஜூலை 31 அன்று மாமா ஓய்வுபெற்றார். அலுவலகத்தில் அணிவித்த மாலை, கிட்வாய் நகர் வீட்டில் இரண்டு நாள் கிடந்து வாடியது. அத்தை சாமான்களை ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியில் கட்டத் தொடங்கினார். சாப்பாட்டு மேசை மட்டும் கடைசிவரை பிரிக்கப்படவில்லை.

அம்மேசையில் இரண்டாம் சுற்றுத் தொடங்கியபோது, அவர்கள் மறுப்புகளை அடுக்கிப் படித்தார்கள். பெரும்பாலானவை காரணம் சொல்லாதவை. ஒரு மேற்பார்வையாளர் மட்டும் நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தோல் தொழிற்சாலை ஆம்பூரில் இருக்கும்போது இந்த ஆய்வுக்கு நீங்கள் ஏன் இங்கே வர வேண்டும்? அன்று அவள் நூலகம், கோட்பாடு, பன்னாட்டுச் சூழல் என்று ஏதோ சொன்னாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. பிப்ரவரியில் படித்த விலக்கு வரி கேட்டதும் இதே கேள்வியைத்தான். வேறு இடத்தில் இருந்து, வேறு நோக்கத்தோடு, அதே கேள்வி இருமுறை வந்துவிட்டது. அதற்கு விடை இல்லாவிட்டால் முன்மொழிவு நிற்காது.

விடையைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பெருமளவு லண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்கு அத்தோல் பயன்பட்டது. அதன் வணிகத்தை அரசே கட்டுப்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்தார். இன்று ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகள் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகின்றன. தோலின் தரத்தைப் பிரித்தவர்கள், விலை வைத்தவர்கள், குறை கண்டு திருப்பி அனுப்பியவர்கள் லண்டனில் இருந்தார்கள். இந்திய அலுவலக ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆம்பூர்த் தொட்டியில் யார் இறங்கினார் என்னும் கேள்வியின் ஒரு பாதி ஆம்பூரில் இருக்கிறது. எந்த நாட்டின் எந்தத் தேவை அந்தத் தொட்டியை நிரப்பிற்று என்னும் மறுபாதி அங்கே இருக்கிறது. இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுக்கு இந்தியாவே போதும் என்ற கருத்துக்கு அவள் கண்ட விடை இதுதான். அது வாதத்துக்காகச் செய்துகொண்ட விடையாகவும் இல்லை. அதன்பின் அவளுடைய ஆய்வே அகன்றது. முதல் முறையாக, தந்தையும் பாலாறும் லண்டன் ஏலக் கூடங்களும் ஒரே பக்கத்தில் வந்தன. 'மாற்று வரைவு' என்று மாமா எடுத்து வைத்திருந்த நான்கு பக்கத்திலிருந்தும் சில பத்திகள் பயன்பட்டன.

பிரிட்டனின் அரசு ஆய்வு நிதியம் 2021 முதல் தன் முனைவர் பட்ட உதவிகளை அயல்நாட்டவர்க்கும் திறந்திருந்தது. ஆண்டுச் சேர்க்கையில் முப்பது விழுக்காடு வரை அயல்நாட்டவர் இருக்கலாம். அவ்வகை இடம் ஒன்றுக்கு அவள் 2023 ஜனவரியில் விண்ணப்பித்தாள். கிட்வாய் நகர் வீட்டிலிருந்து அனுப்பிய கடைசி விண்ணப்பம் அது. அம்மாத இறுதியில் சாவி ஒப்படைக்கப்பட்டது. மாமாவும் அத்தையும் ஊருக்குப் புறப்பட்டார்கள். அவள் முனிர்க்காவில் தோழியர் இருவரோடு ஓர் அறைக்குக் குடிபோனாள். ஏப்ரலில், முழு நிதியுடன் இடம் ஒதுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

வெற்றிக் கதைகள் வழக்கமாக இங்கே முடிகின்றன. ஆனால் உதவித்தொகை கிடைத்தபின்னும் பணம் வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவ்வாண்டு பிரிட்டன் மாணவர் விசாவுக்கு 363 பவுண்டு. தங்கும் காலம் முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு 470 பவுண்டு வீதம் மருத்துவக் காப்புக் கட்டணம் முன்னதாகவே கட்ட வேண்டும். நான்காண்டுப் படிப்பு என்றால், மாத உதவியின் முதல் தவணை கைக்கு வருமுன்பே சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். விமானச் சீட்டு தனி. ஓய்வூதியப் பணிக்கொடையிலிருந்து மாமா அத்தொகையைத் தந்தார். அவள் அதைக் கடன் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அத்தாளையும் கோப்பில் வைத்துக்கொண்டார். 1920இல் அம்பேத்கர் படிப்பை முடிக்க லண்டன் திரும்பியபோது அவரிடம் இருந்தது, சிடன்ஹாம் கல்லூரி ஊதியத்தில் மிச்சம் பிடித்ததும், கோலாப்பூர் சாகு மகராஜ் தந்த உதவியும், நண்பர் நவல் பத்தேனா கொடுத்த கடனும். உதவித்தொகை எதுவும் தனியே ஒருவரைக் கரை சேர்த்துவிடுவதில்லை.

தேர்வு பெற்றவர்க்கே பணம் உறுதியில்லாத நிலையும் உண்டு. 2025-26ஆம் ஆண்டுத் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வானபோது, முதலில் 40 பேருக்கே தற்காலிக ஒதுக்கீட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது. மற்றவர்க்கு நிதி இருப்பைப் பொறுத்து என்று அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு நாள் குறித்திருக்கும். விசாவுக்கு நிதிச் சான்று வேண்டும். பட்டியலில் பெயர் வந்தும் விமானம் ஏற முடியாமல் காத்திருப்பவரின் நிலையை, ஒரே ஓர் உதவித்தொகையை மட்டும் நம்பியிருப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வழிகளைத் திறந்து வைத்திருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

2023 செப்டம்பரில் அவள் புறப்பட்டாள். அதற்குமுன் ஆம்பூரில் நான்கு நாள் இருந்தாள். ஆய்வு எதைப் பற்றி என்று தந்தை கேட்டார். தொட்டியில் ஊறும் தோல் எங்கே போகிறது, அங்கே இருப்பவர்கள் இங்கே இருப்பவர்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகச் சொன்னாள். "எழுதி வைத்திருப்பார்களா?" என்று அவர் வியந்தார். எண்ணிக்கையாகவாவது இருக்கும் என்றாள். அவர் சற்று யோசித்து, கிடைத்தால் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னார்.

அந்த அட்டவணை இன்னும் இருக்கிறது. இப்போது அதைத் திறந்து படிப்பவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர்; பெரும்பாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதியின் மாணவியர். விதிகள் மாறும்போது அவள் லண்டனிலிருந்து திருத்துகிறாள். வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை மத்திய அரசுப் படிவத்தில் எப்படிப் பெறுவது என்ற ஐயங்களுக்கு ஊரிலிருந்து மாமா விடையளிக்கிறார். 'யாரிடம் கேட்டறிந்தோம்' என்ற இறுதி நிரலில் முதலாண்டு பெரும்பாலும் வெற்றிடமே இருந்தது. இப்போது அதில் வரிசைதோறும் யாராவது ஒருவர் இருக்கிறார். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி, பேராசிரியருக்கு இரண்டாவது முறை எழுதலாமா என்று அங்கே கேட்டிருந்தாள். கீழே மாமா எழுதியிருந்தார்: எழுதலாம் அம்மா, மேலே 'நினைவூட்டல் 2' என்று போட்டு எழுது.